முதலில் கேள்வி, அப்புறம் மாத்திரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பார்மஸி படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

‘சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்க இவ்வளவு படிப்பு எதற்கு?’ என்று கேட்டிருந்தாயே, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இரண்டை மட்டும் வைத்தே அதற்குப் பதில் சொல்லிவிடலாம். டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு நேராக மருந்துக் கடைக்கு வருகிற தொல்லைகள் இவை. வருகிறவர் குரலைத் தணித்து, ‘நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை கொடுங்க’ என்பார். யாருக்கு, எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, மலத்தில் ரத்தம் தெரிகிறதா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால், போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை ஆகாது. அது குடலின் அசைவைக் குறைத்துவிடும். வெளியேற வேண்டிய கிருமி உள்ளேயே தங்கும். சின்னக் குழந்தைகளுக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து, உடம்பிலிருந்து நீரும் உப்பும் இறங்கிவிடுவதால்தான். அதனால் முதலில் ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு, குளுக்கோஸ் பொடி. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து குடல் சுவருக்குள் போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும். இந்த வழி நோயின்போதும் பெரும்பாலும் வேலை செய்யும். அளவு தவறினால் பலன் கெடும், அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கச் சொல்லுவோம். 24 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். போக்கு நின்றதும் தாய்மார்கள் அதையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலச்சிக்கல் என்று வந்தால், ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்துகளை எல்லாம் எடுத்து வரச் சொல்லுவேன். இரும்புச்சத்து மாத்திரை, மார்ஃபின் போன்ற ஓபியம் வகை வலி மருந்து, சில ரத்த அழுத்த மாத்திரைகள், அலுமினியம் சேர்ந்த அமிலக் குறைப்பு மருந்து, இவையெல்லாம் மலத்தை இறுக்கும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினும் ஆன்டிபயாடிக்கும் இளக்கிவிடும். காரணம் பையிலேயே இருக்கும்போது இன்னொரு மருந்தைச் சேர்ப்பதில் என்ன நியாயம்? அதற்காக அவர்களாக எதையும் நிறுத்திவிடவும் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பேதி மருந்திலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பிசகோடில் ராத்திரி போட்டால் காலையில் வேலை செய்யும். லாக்டுலோஸுக்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். இது தெரியாதவர்கள் முதல் நாளே கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடுகிறார்கள். இசப்கோலுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஒன்று உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்குத் தண்ணீராகப் போகிறது என்பார்கள். ‘அதுக்கு முன்னாடி எத்தனை நாள் போகலை?’ என்று கேட்டால், ஒரு வாரம் என்று பதில் வரும். உள்ளே கெட்டிப்பட்ட மலம் அடைத்து நிற்க, அதைச் சுற்றித்தான் நீர் கசிகிறது. இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். உன் மகள் இந்த ஒரு கேள்வியை என்றைக்கும் விடக் கூடாது.

ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, வயிறு உப்பி வாந்தி, மூத்திரம் குறைந்து துவண்டு கிடக்கிற குழந்தை என்றால், மருந்து விற்காமல் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும்.

அப்புறம், அம்மாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்திருப்பதாக எழுதியிருந்தாய். அதனால் மலம் கருத்துப் போகலாம்; ஆனால் தார்போலப் பிசுபிசுப்பாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடு. வயிறு ஒழுங்காகப் போகிறதா, வேறு என்னென்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு எனக்கு உடனே எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்