செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வீட்டில் படியும் தூசியும் மூச்சில் போகும் துகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, குடிநீர், தெருவிளக்கு விவரங்கள் பொருளாளர் அறிக்கையோடு சுற்றுக்கு விடப்பட்டுள்ளன. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி நம் குடியிருப்போர் சங்கம் தொடங்கிய தூசி அளவீடு பற்றியதே இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

வடசென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பால்கனியில் படியும் கறுப்புத் தூசியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்று, அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனதிலிருந்து துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தின் புகார் நம் புகாராகிவிட்டது. ஆனால் உறுப்பினர்கள் பலரும் தரையைத் துடைத்த துணியைக் காட்டி, "பி.எம். 2.5 எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். பி.எம். 2.5 என்பது காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானுக்கு மிகாத நுண்துகள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தத் துணிக்கும் பி.எம். 2.5க்கும் பெரிய தொடர்பில்லை. காற்று அசையாத இடத்தில் 10 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் ஐந்தரை நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் ஏறத்தாழ எட்டு மணி நேரம். தரையில் கிடப்பது பெருந்துகள். நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள் தரைக்கு வர மறுப்பதால்தான் அவ்வளவு தூரம் உள்ளே போகிறது. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் உள்ள 12 மாசுகளில் படியும் தூசி இடம்பெறவே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்று அளவீட்டு நிலையம் "பரவாயில்லை" என்று காட்டும் நாளில் நம் மாடி கறுத்துக் கிடப்பதில் முரண் எதுவும் இல்லை. அந்த நிலையம் அளப்பது வேறு பொருளை.

எனவே இரண்டையும் தனித்தனியாக அளக்க முடிவு செய்தோம். படியும் தூசிக்கு அகல வாய் ஜாடி முறை. சுவரும் மரமும் மறைக்காத மொட்டை மாடியில், தளத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தாங்கியில் வைத்து, அடியில் வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த நீர்) ஊற்றி 30 நாள் விட வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் விழுந்த தூசி மறுநாள் கடல்காற்றில் கிளம்பிப் போய்விடும். பாசி பிடிக்காமலிருக்க மயில்துத்தம் சிறிது போடுவது வழக்கம். போட்டால் எடையைக் குறித்துவைத்து, கரைந்த பொருளின் கணக்கில் கழிக்க வேண்டும். அந்த ஜாடி நீரைச் சல்பேட் சோதனைக்கு அனுப்பக் கூடாது. மயில்துத்தமே காப்பர் சல்பேட்தான். காகம் விளிம்பில் உட்காராதபடி மேலே ஒரு கம்பி வளையம் அவசியம். ஒரு எச்சம் விழுந்தாலே அந்த மாதக் கணக்கு போயிற்று.

மாத முடிவில் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் இலை, பூச்சியை நீக்கிவிட்டு, எடை பார்த்த வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை போட வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் வடிதாள் தன் எடையில் சில சதவீதம் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு கிராம் தாளில் அதுவே பல பத்து மில்லிகிராம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பெட்டியில் ஆறவைக்காமல் தராசில் வைத்தால் ஈரத்தைத் தூசி என்று எழுதிக்கொண்டிருப்போம். வெறும் தாள் ஒன்றையும் கூடவே உலர்த்தி எடை பார்ப்பதே இதற்குக் காவல். கணக்கு எளிது: வாய் 15 செ.மீ. விட்டமுள்ள ஜாடியின் பரப்பு 0.0177 சதுர மீட்டர். உதாரணமாக, 100 மில்லிகிராம் சேர்ந்திருந்தால் மாதத்துக்குச் சதுர மீட்டருக்கு 5.7 கிராம், சதுர கிலோமீட்டருக்கு 5.7 டன் என்று சொன்னாலும் அதே அளவுதான். நவம்பரில் இங்கே வழக்கமாகவே 30 செ.மீ.க்கு மேல் மழை பெய்யும் என்பதால் குட்டை ஜாடி வழிந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் 45 செ.மீ. ஆழ ஜாடி வைக்க வேண்டும், இல்லையேல் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

எடையைவிட முக்கியம், அந்தத் தூசி என்ன என்பது. இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சிட்டிகை தூசியில் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைப்பது சிமெண்ட், சுண்ணாம்புத் தூள். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தில் ஒட்டுவது பிரேக் தேய்மானம், துரு, சாம்பலில் உள்ள இரும்பு ஆக்சைடு. 400 மடங்கு நுண்நோக்கியில் நிலக்கரித்தூள் கூர்முனையோடு, உடைந்த பக்கம் பளபளக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் உருகி உறைந்ததால் கண்ணாடிக் கோலியாகத் தெரியும். டயர் தூள் நீண்ட உருளை, மேலே மண் ஒட்டியிருக்கும். புகைக்கரி தனித்துகளாகத் தெரியாது, விரலில் மையாக இழுக்கும். கரியின் பங்கு எடையில் வேண்டுமென்றால் 550 டிகிரி உலையில் எரித்து இழப்பைப் பார்க்கலாம். 700க்கு மேல் போனால் சுண்ணாம்பும் சிதைந்து எடை குறையும், அதையும் கரிக்கணக்கில் ஏற்றிவிடுவோம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று தினமும் குறித்துவைக்காவிட்டால் இவ்வளவும் வீண். வாடைக்காற்று மாதத்து ஜாடியும் மேல்காற்று மாதத்து ஜாடியும் ஒரே கதையைச் சொல்லாது.

நுண்துகளுக்கு வருவோம். இதில் ஒரு பெரும் பகுதி எந்தச் சிம்னியிலிருந்தும் துகளாக வருவதில்லை, காற்றிலேயே உருவாகிறது. கந்தக டைஆக்சைடு வாயு ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகி, சாக்கடையிலும் மாட்டுத்தொழுவத்திலும் உரத்திலும் இருந்து வரும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் ஆகிறது. வெறும் வெயிலில் இந்த மாற்றம் மணிக்கு ஏறத்தாழ 1 சதவீதம்தான் நடக்கும். மேகத்துளிக்குள் புகுந்தால் வேகம் பல மடங்கு. ஆகவே பக்கத்துச் சிம்னியின் கந்தகம் நம் தெருவைக் கடக்கும்போது பெரும்பாலும் வாயுவாகவே இருக்கும், அதன் சல்பேட் வேறு ஊருக்குப் போய்ச் சேரும். நாம் சுவாசிக்கும் சல்பேட்டிலும் பெரும்பங்கு தொலைவில் புறப்பட்டது. மனுக்களில் சிம்னியைக் குறிப்பிடும்போது கந்தக டைஆக்சைடு அளவைக் கேளுங்கள், பி.எம். 2.5ஐ மட்டும் கேட்டால் எதிர்த்தரப்பு எளிதாகத் தப்பிக்கும். டெல்லிக் குளிரில் குவியும் அம்மோனியம் நைட்ரேட் இங்குள்ள வெப்பத்தில் ஆவியாகிவிடும். நைட்ரிக் அமிலம் கடலுப்பில் ஏறி, குளோரைடை ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேற்றி, சோடியம் நைட்ரேட்டாகப் பெருந்துகளில் தங்கும்.

உறுப்பினர் வீடுகளில் உள்ள, காற்று மாசு காட்டும் லேசர் சென்சார்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. கடலுப்பு 75 சதவீத ஈரப்பதத்திலும் அம்மோனியம் சல்பேட் 80 சதவீதத்திலும் தண்ணீரை இழுத்துக் கரைசல்துளியாக ஊதும். சென்சார் ஒளிச்சிதறலைப் பார்ப்பதால் அந்தத் தண்ணீரையும் மாசாகக் காட்டும். வாரிய நிலையக் கருவிகள் உறிஞ்சும் காற்றை உலர்த்திவிட்டு அளப்பவை. விடியற்காலை எண்ணைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்தினால் நல்லது. 85 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள மணிகளைத் தள்ளிவிட்டு 24 மணி நேரச் சராசரியை எடுங்கள். பி.எம். 2.5க்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15.

கட்டடங்களைப் பொறுத்தவரை, சன்ஷேடுக்கு அடியில் மழை படாத இடம் கறுத்து, படும் இடம் வெளுத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கந்தக டைஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி, கரியைப் பிடித்துக்கொண்டு தடிக்கிறது. பிறகு பொருக்காகப் பெயர்கிறது. மேலே பெயிண்ட் அடித்தால் பொருக்கோடு அதுவும் விழும். முதலில் சுரண்டிக் கழுவ வேண்டும். சோலார் தகடுகளைப் பனிஈரம் காயும் முன் அதிகாலையில் உப்புக் குறைந்த தண்ணீரால் கழுவவும். போர்வெல் நீர் தூசிக்குப் பதில் உப்புப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். மழைநீர்த் தொட்டி உள்ளவர்கள் முதல் 2 மி.மீ. மழையை வெளியே விட வேண்டும்: 100 சதுர மீட்டர் மாடிக்கு 200 லிட்டர்.

சாலையை நனைக்காமல் பெருக்குவதால் 75 மைக்ரானுக்குக் குறைந்த வண்டல் மீண்டும் காற்றில் ஏறுகிறது என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தோம். ஒப்புகை வந்தது. விளக்குமாறு மாறவில்லை.

போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்ற வேண்டுகோளை இந்த முறையும் வைக்கிறோம். 2018 போகிப் புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டது பலருக்கும் நினைவிருக்கும். மார்கழிக் கடைசி விடியலில் தரையோரக் குளிர்காற்று மூடிபோட்டதுபோல் நிற்க, பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடும் கரியும் மேலே போக வழியின்றி வீட்டுக்குள்தான் வரும்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் ஆழமான ஜாடிகளும் காற்றுத்திசை காட்டியும் வாங்குவது. சென்சார்களை வாரிய நிலையத்தின் அருகே இரண்டு வாரம் வைத்து ஒப்பிட அனுமதி கேட்பது. ஜாடி நீரையும் வடிதாளையும் சோதிக்க அருகிலுள்ள கல்லூரி வேதியியல் துறை ஒன்றை எழுத்துமூலம் அணுகுவது. முன்மொழிபவர், வழிமொழிபவர் பெயர்களைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிய வேண்டுகிறேன்.

செயலாளர்