அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி

கண்ணம்மா,

நீ ராத்திரி அனுப்பின உன் கார் டேஷ்போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏபிஎஸ் என்ற எழுத்து மட்டும்தான் மஞ்சளாக எரிகிறது, பக்கத்தில் சிவப்பு எதுவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. மஞ்சள் மட்டும் என்றால் உன் பிரேக் எப்போதும் போலப் பிடிக்கும். ஈர ரோட்டில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்குமே, ஏபிஎஸ் செய்கிற அந்த வேலைதான் நின்றுபோயிருக்கிறது. அதனால் முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டு. ஒருவேளை சக்கரம் பூட்டி வழுக்கினால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாது, காலைச் சற்றுத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும். சிவப்பும் சேர்ந்து வந்தால் கதை வேறு. கை பிரேக் இறங்கியிருக்கிறதா என்று பார், இறக்கியும் அணையவில்லையென்றால் ஓரம்கட்டிவிடு, "பக்கத்தில்தானே, ஓட்டிப் போய்விடலாம்" என்று கிளம்பாதே.

சரி, முதலில் செய்ய வேண்டியது எதையும் வாங்காமல் இருப்பது. சிரிக்காதே, அனுபவத்தில் சொல்கிறேன். என் வண்டியில் இதே விளக்கு வந்தபோது, வண்டியில் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கிற ஸ்கேனர் "இடது முன்சக்கர சென்சார்" என்று காட்டியது, நானும் அன்றைக்கே புது சென்சார் வாங்கி மாட்டிவிட்டு மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டிய காசு மிச்சம் என்று உன் அம்மாவிடம் பெருமையடித்தேன். மூன்றாம் நாள் ஒரு வளைவில் திரும்பும்போது விளக்கு மறுபடி எரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அந்தச் சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை என்றுதான் அது சொன்னது, எதனால் வரவில்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேகத்தை அளக்க ஒரு சென்சார், அதன் எதிரே ஹப்பிலோ (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆக்ஸிலிலோ பல் வெட்டிய ஒரு வளையம் சுற்றும், சில வண்டிகளில் பல்லுக்குப் பதிலாக பேரிங்கின் ஓரத்திலேயே காந்தப் பட்டை இருக்கும். வளையத்தில் விரிசல் விட்டாலும், சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பிக்கொண்டாலும், பேரிங் ஆடினாலும், நடுவில் ஒயர் அறுந்தாலும் ஸ்கேனரில் வருவது அநேகமாக அதே எண்தான். நிறைய வண்டிகளில் சி0035 என்றால் இடது முன்சக்கரம், சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின். ஆனால் உன் வண்டியின் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். இன்னொன்று, மலிவான ஸ்கேனர்கள் என்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும். "கோளாறு எதுவும் இல்லை" என்று அது காட்டினால் நம்பிவிடாதே, ஏபிஎஸ் படிக்கிற ஸ்கேனர்தானா என்று கேட்டு வாங்கு.

எண் கிடைத்ததும் நான்கு சக்கரத்தின் வேகத்தையும் திரையில் வைத்துக்கொண்டு யாரையாவது மெதுவாக ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார். மூன்று சக்கரம் 20 காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்திலேயே நின்றால் ஒயர் அல்லது சென்சார். ஓடிக்கொண்டே இருந்துவிட்டு நிற்கப் போகும் நேரத்தில் மட்டும் ஒன்று விழுந்து விழுந்து எழுந்தால் வளையத்தையோ துருவையோ சந்தேகப்படு. அந்த மாதிரி வண்டியில் காய்ந்த ரோட்டில் மெதுவாக நிறுத்தும்போதுகூட பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும், உனக்கு அப்படி ஏதாவது தெரிந்ததா?

அப்புறம் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடாதே, ஸ்டாண்டு வைத்த பிறகுதான். நான் என் வண்டியில் அப்படிக் குனிந்து பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன்: ஒயரைப் பிடித்து வைத்திருக்கும் கிளிப் உடைந்து ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. வெளி உறை நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பளபளவென்று தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். வண்டியை ஆஃப் செய்து, ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி அங்கிருந்து மின்தடை அளக்கும் மீட்டர் வைத்தேன், 1100 ஓம் காட்டியது. அம்மாவை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன், முள் செத்துப்போனது. நேராக்கினால் திரும்ப 1100. உள்ளே செம்பு அறுந்து, நேராக இருக்கும்போது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! அந்தத் துண்டை வெட்டிப் புது ஒயர் போட்டு இணைத்து, சூட்டில் சுருங்கும் உறை மாட்டி, கிளிப்பில் கட்டினேன். இந்த ஓம் கணக்கு பழைய வகை சென்சாருக்கு மட்டும்தான். உன்னுடையது புது வகையாக இருக்கும், அதற்கு வண்டி மின்சாரம் கொடுத்தால்தான் உயிர் வரும், ஓம் அளந்து ஒன்றும் தெரியாது. நீ கண்ணால் பார், ஒயரை மெல்ல ஆட்டிப் பார், கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா பார்.

சரிசெய்த பிறகும் விளக்கு உடனே அணையாமல் இருக்கலாம், சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடி தன்னைத்தானே சோதித்த பிறகுதான் அணைக்கும். பதறாதே.

நான் கழற்றிப்போட்ட அந்த சென்சார் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாத சென்சார். தூக்கிப்போட மனசு வரவில்லை, அம்மாவும் அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்கிறாள், எதற்கென்று எனக்குத் தெரியும். நாளைக்கு ஸ்கேனர் என்ன எண் காட்டுகிறது என்று படம் எடுத்து அனுப்பு, எந்தக் கடைக்கும் போவதற்கு முன்னால்.

அப்பா