எத்தனை கிலோமீட்டர் என்பதோடு எத்தனை நாள் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எல்லை மாநிலங்களின் நெடுஞ்சாலைப் பணிகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1984 முதல் 2010 வரை எல்லைச் சாலைப் பணியில் மண் தள்ளும் டோசர் ஓட்டியவன் நான். சிக்கிம் இரண்டு முறை, அருணாசலம் ஒரு முறை, நாகாலாந்து ஒரு முறை என்று என் வாலிப வயசு அந்த மலைகளில்தான் கழிந்தது. அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரை பேசிய தேசிய நெடுஞ்சாலைகள் மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம், 2014-ல் தொடங்கப்பட்டது. முழுக்க மத்திய அரசின் கம்பெனி. வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், லடாக், உத்தராகண்ட் தொடங்கி அந்தமான் வரை அதற்கு வேலை இருக்கிறது. நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன, அதை மனசார ஒப்புக்கொள்கிறேன். திரிபுராவின் சப்ரூமில் ஃபெனி ஆற்றைத் தாண்டி வங்கதேசத்துக்குப் போகும் 1.9 கிலோமீட்டர் பாலம் 2021-ல் திறக்கப்பட்டது. பனிச்சரிவால் குளிர்காலத்தில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த காஷ்மீரின் சோனமார்க்குக்கு, 2025 ஜனவரியில் சுரங்கப்பாதை வந்துவிட்டது. மணிப்பூரில் இம்பாலிலிருந்து பர்மா எல்லையிலுள்ள மோரே போகும் ரோட்டை அகலப்படுத்தும் வேலையும் இதே கம்பெனியுடையதுதான். பர்மாவிலிருந்து வந்த நம் ஜனங்கள் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிக் குடியேறிய ஊர் மோரே. அங்கே நல்ல ரோடு போனால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் கட்டுரை முழுக்க கிலோமீட்டர் கணக்குதான். இவ்வளவு முடிந்தது, இவ்வளவு பாக்கி, இத்தனை கோடி. சமவெளியில் அந்தக் கணக்கு சரி. மலையில் ஒரு ரோட்டைப் போட்டு முடித்த அன்றைக்குத்தான் அதன் பிழைப்பே ஆரம்பிக்கிறது.

வடக்கு சிக்கிமில் சுங்தாங் போகும் ரோட்டில் எங்கள் முகாம் இருந்தது. வேலூர்ப் பக்கத்து ஆளுக்கு மழை என்றால் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்வது. அங்கே மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. எங்கள் சூப்பர்வைசர் உத்தராகண்ட் மலைப்பக்கத்துக் கட்வால்காரர், வயசானவர். சாயங்காலம் வேலை முடிந்து வண்டியை நிறுத்தினதும் எங்களை டீ குடிக்க விடமாட்டார். மலையோரமாக ஓடுகிற சாக்கடையைக் காட்டுவார். பகலில் நான் தள்ளின மண்ணில் கொஞ்சமாவது அதில் விழுந்திருக்கும். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வந்த கூலியாட்கள் ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒரு மண்வெட்டியின் அடியில் கயிறு கட்டியிருக்கும். ஒருவர் குத்தி அழுத்த, எதிரில் நிற்பவர் கயிற்றைச் சுண்டி இழுப்பார். ஒரே மண்வெட்டிக்கு இரண்டு பேர் எதற்கு என்று முதல் நாள் நானும் நினைத்தேன். அப்படி இழுத்தால்தான் ஈர மண் கனம் தெரியாமல் மேலே வரும், முதுகும் தாங்கும். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வர்ட்டின் வாயில் கையை விட்டு இலையையும் சரளையையும் வழித்தெடுத்த பிறகுதான் டீ.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அந்த மலைப் பாறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மினுக்மினுக்கென்று அழகாக இருக்கும். கையில் எடுத்து நசுக்கினால் நைந்த சிலேட்டு மாதிரி தகடு தகடாக உதிரும். இமயமலை நம் மேற்குத் தொடர்ச்சி மலை போல உறுதிப்பட்ட பழைய மலை கிடையாது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற மலை. சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறும், தாருக்கு அடியில் இறங்கும், பள்ளத்துப் பக்கச் சுவருக்குப் பின்னால் தேங்கும். சுவரில் நீர் வடிய விட்ட ஓட்டைகளும் அடைந்திருந்தால் சுவரே வயிறு உப்பின மாதிரி வெளியே தள்ளும். அப்புறம் ஒரு ராத்திரி ரோட்டில் பாதி தீஸ்தா ஆற்றில் கிடக்கும். கீழே ஆறு அடியை அரிப்பது தனி. வெறும் தார் போட்டதை மலையில் ரோடு என்று நாங்கள் சொல்லமாட்டோம். மேலே மலையைத் தாங்கும் சுவர், கீழே ரோட்டைத் தாங்கும் சுவர், நடுவில் தண்ணீருக்கு வழி, இந்த மூன்றும் இருந்தால்தான் ரோடு.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு சீசன் தனியார் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போனேன். மாநிலத்தையும் பெயரையும் சொல்ல விரும்பவில்லை. மலையைச் சரிவாகச் சீவினால் அதிக மண் எடுக்க வேண்டும், நாள் ஆகும். அதனால் செங்குத்தாக வெட்டச் சொன்னார்கள். வெட்டின மண்ணைக் கொட்ட இடம் குறித்திருந்தார்கள், நான்கு கிலோமீட்டர் தள்ளி. டீசல் செலவுக்குப் பயந்து பள்ளத்தில் தள்ளச் சொன்னார்கள். சுவர் அடுத்த சீசனில் என்றார்கள். நானும் வெட்டினேன், சம்பளம் வாங்கினேன். ஜூலையில் ஒரு விடியற்காலை, நான் வெட்டின இடத்திலேயே மலை இறங்கியது. யாரும் சாகவில்லை, தெய்வம் காப்பாற்றியது. கீழே இருந்த ஏலக்காய்த் தோட்டம் ஒன்று சுத்தமாக மூடிப்போனது. அதன் சொந்தக்காரம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார், எங்களைத் திட்டக்கூட இல்லை. ஆகஸ்டில் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அரசு கம்பெனி நேரடியாக மண் வெட்டுவதில்லை. டெண்டர் விட்டு ஒப்பந்தக்காரர்களிடம்தான் வேலையைக் கொடுக்கிறது. எது முக்கியம் என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் காட்டுகிறார்களோ, கீழே அதுதான் நடக்கும். கிலோமீட்டரைத்தான் எண்ணுவார்கள் என்று தெரிந்தால் ஒப்பந்தக்காரர் கிலோமீட்டரைத்தான் காட்டுவார்.

சில்க்யாராவை நாம் அதற்குள் மறந்துவிடக் கூடாது. 2023 நவம்பர் 12, தீபாவளி அன்று விடிகாலையில் உத்தராகண்டின் அந்தச் சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டினார்கள். இதே கழகத்தின் பொறுப்பில் இருந்த வேலை. 17 நாள். பெரிய துளையிடும் இயந்திரம் உடைந்துபோன பிறகு, கடைசி 12 மீட்டர் வாக்கில் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கையால் தோண்டித்தான் 41 பேரையும் மீட்டார்கள். நான் அத்தனை நாளும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவர்களில் 15 பேர் ஜார்க்கண்ட்காரர்கள் என்று சொன்னபோது என் மண்வெட்டி ஜோடிகள்தான் கண் முன்னால் வந்தார்கள். 2018-ல் மத்திய அமைச்சரவை அந்தச் சுரங்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது, 'தப்பும் வழியுடன் கூடிய' சுரங்கம் என்றுதான் அறிவித்தது. இடிந்த அன்றைக்கு அந்த வழி இல்லை. காகிதத்தில் இருந்தது, மலைக்குள் இல்லை. இப்போது காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் ஜோஜிலாவில் 13 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் குடைகிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்களும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

ராணுவத்துக்கு அகலமான ரோடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. லாரியில் ரேஷனும் குண்டும் ஏற்றிக்கொண்டு மேலே போகிற பையன்களோடு பழகியவன் நான். உத்தராகண்டின் நான்கு புனிதத் தலங்களுக்குப் போகும் ரோடுகளை அகலப்படுத்துவது பற்றிய சார்தாம் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் பாதுகாப்புத் தேவைக்காக இரட்டை வழிக்கு அனுமதி கொடுத்தது. சரி, அகலமாகவே போடட்டும். சுவரையும் சாக்கடையையும் முதல் சீசனிலேயே கட்டிவிட்டு மேலே போகட்டும் என்றுதான் கேட்கிறேன். வேலை முடிந்த ரோட்டில், சில கிலோமீட்டருக்கு ஒரு கூட்டமாக உள்ளூர் ஆட்களை வருஷம் முழுக்க வேலைக்கு வைக்கட்டும். அவர்களுக்கு அந்த மலை எங்கே அழும் என்று தெரியும். 'இங்கே ஊற்று கிளம்பும்' என்று கிழவிகள் காட்டின இடத்தில், அடுத்த மழைக்கு ஊற்று கிளம்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேற்கு வங்கத்தின் சேவோக்கிலிருந்து ரங்போ வழியாக கேங்டாக் போகிற 10-ம் எண் நெடுஞ்சாலை ஒவ்வொரு மழைக்கும் மூடி மூடித் திறக்கிறது. சிக்கிமுக்கு அரிசியும் மருந்தும் முக்கியமாக அந்த வழியாகத்தான் போகிறது. அடுத்த தடவை இந்தக் கழகத்தைப் பற்றிச் செய்தி போடும்போது, எத்தனை கிலோமீட்டர் முடித்தீர்கள் என்று கேட்கும் அதே அதிகாரியிடம், போன மழைக்காலத்தில் அந்த ரோடு எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்றும் கேளுங்கள். பதிலைக் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டோசர் ஆபரேட்டர்,
குடியாத்தம்.