தொழிலாளர் பொருளாதாரமும் தொலைநிலைக் கல்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வியில் சேருகிறவர்கள் சான்றிதழுக்காகத்தான் படிக்கிறார்கள், பாடத்தில் அக்கறை இல்லை என்ற தொனியில் உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பாதி உண்மை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாரச் சம்பளக் கணக்கு போடுகிறவன். தொழிலாளர் பொருளாதாரம் என்ற பாடத்தை, அவரவர் வசதிப்படி படித்து முடிக்கும் முறையில் எடுத்திருக்கிறேன். மீதிப் பாதியை அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஆர்டர் கிளம்பும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும். புத்தகத்தைத் தொட முடியாது. வேலை மந்தமான வாரத்தில் இரண்டு அத்தியாயம் சேர்த்துப் படிக்கலாம். இந்த முறை இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பே இல்லை. ஆகவே முறையில் எனக்குக் குறை கிடையாது. குறையெல்லாம் பாடத்தில்.

குறைந்தபட்சக் கூலி அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைக்கு ஆள் தேவை ஒரு கோடு, வேலை தேடும் ஆட்கள் ஒரு கோடு, இரண்டும் குறுக்கே வெட்டும் ஒரு படம். சட்டம் கூலியை ஏற்றினால் வேலை குறையும். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக்கியது. பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் அங்கிருந்த துரித உணவகங்களை, கூலி ஏறாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டார்கள். கூலி ஏறியதால் வேலை குறைந்ததற்கான அறிகுறி தெரியவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. சரி, அந்தச் சண்டையையும் சேர்த்தல்லவா சொல்லித்தர வேண்டும்? கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசே கிடைத்துவிட்டது. எனக்கு வந்த பாடப்பொருளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கூலியை முதலாளியே நிர்ணயிக்கும் சந்தை எப்படி இருக்கும் என்று 1933-இலேயே ஜோன் ராபின்சன் என்ற பொருளாதார அறிஞர் எழுதினார். பாடத்தில் அதற்கு உதாரணம், வேலைக்கு ஒரே ஒரு சுரங்கம் மட்டும் உள்ள, வேறு போக்கிடம் இல்லாத ஊர். எங்களுக்குச் சுரங்கம் எதற்கு? இங்கே பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) டெய்லர் ஒருவர், பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி, கொஞ்சம் கூடக் கிடைத்தால் அடுத்த சந்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். தீபாவளி போனஸ் வாங்கிப் போனவர் திரும்பி வருவாரா என்று காண்ட்ராக்டர் கவலைப்படுவார். அதே தொழிலுக்கு நூல் நூற்கும் மில்லில், விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு வெளியே போய் வேறு கம்பெனியில் கூலி விசாரிக்கக்கூட வழியில்லை. துணி ஒன்றுதான், பேரம் பேசும் பலம் வேறு. ராபின்சன் சொன்னது புரிய இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

அடுத்து வேலையின்மை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாராந்திர நிலை என்று ஒன்று பார்க்கிறார்கள். கடந்த 7 நாட்களில் ஏதாவது ஒரு நாள் 1 மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று கணக்கு. ஆர்டர் இல்லாத வாரத்தில் அரை ஷிப்ட் மட்டும் கிடைத்த, தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் அம்மாவும் அதில் வேலையில் இருப்பவர்தான். இந்தக் கணக்கெடுப்பின் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒப்படைப்பில் (நாங்கள் எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டில்) வரும் கேள்வியோ, "வேலையின்மை: வரையறு, வகைகளை விளக்கு". அதற்கு விடை ஜெராக்ஸ் கடையிலேயே கிடைக்கும். அக்கறை இல்லை என்று மாணவனைச் சொல்லி என்ன பயன்?

பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. கூலி என்பதற்கான வரையறையே மாறியிருக்கிறது, பி.எப். கணக்கு போடும் எனக்கு அது அன்றாடப் பிரச்சினை. பாடமோ இன்னும் 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் நிற்கிறது. அச்சடித்த புத்தகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். திரையில் படிக்கும் பாடத்தைத் திருத்த என்ன தடை?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒப்படைப்புகளில் ஒன்றையாவது மாணவர் தன் வேலையிடத்தையோ ஊரையோ பார்த்து, அரசுத் தரவோடு வைத்து எழுதுவதாக மாற்றுங்கள். திருத்துபவர் அதை உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். அவருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் தருகிறார்கள். பீஸ் ரேட் போட்டால் தரத்துக்குத் தனியாகச் செக்கிங் வைக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பல்கலைக்கழகங்கள் அந்தச் செலவுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்