எக்ஸ் அச்சுக்கு ஏன் ஒய் = 0?

அன்பு மகள் யாழினிக்கு,

இங்கே பட்டர்வொர்த்தில் அம்மாவும் நானும் நலம். கோலாலம்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

எக்ஸ் அச்சின் சமன்பாட்டைக் கேட்டால் நீ கணக்குச் சொல்லிக்கொடுக்கும் மூன்றாம் படிவ வகுப்புப் பிள்ளைகள் ‘எக்ஸ் = 0’ என்று எழுதுவதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர்கள் மேல் கோபப்படாதே அம்மா. பெயரில் எக்ஸ் இருக்க, சமன்பாட்டில் ஒய் வந்தால் யாருக்கும் குழப்பம்தான். ஆனால் ‘மாற்றிப் போட்டால் சரி’ என்று மட்டும் மனப்பாடம் பண்ண வைத்துவிடாதே. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும்.

அச்சின் மேலேயே புள்ளிகளைக் குறிக்கச் சொல்: (2, 0), (5, 0), (−4, 0). எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கேள். எக்ஸ் இஷ்டத்துக்கு ஓடுகிறது. ஒய் மட்டும் 0-ஐ விட்டு அசையவில்லை. கோட்டில் உள்ள அத்தனை புள்ளிகளும், அவை மட்டுமே, கட்டுப்படுகிற நிபந்தனைதான் சமன்பாடு. இதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்லும்வரை பொறுத்திரு. ஒரு பாடவேளை போனாலும் பரவாயில்லை.

உலகப் படத்தையும் காட்டு. நிலநடுக்கோடு கிழக்கு மேற்காகப் பூமியைச் சுற்றி வருகிறது. போர்னியோவில் போந்தியானாக் வழியாகப் போகிறது, கென்யா வழியாகவும் போகிறது. தீர்க்கரேகை இடத்துக்கு இடம் மாறும், அட்சரேகை மட்டும் எங்கும் 0 பாகை. நம் பினாங்கு அதற்கு வடக்கே சுமார் 5.4 பாகையில் இருக்கிறது. நீ இருக்கும் கோலாலம்பூர் சுமார் 3.1. எக்ஸ் அச்சும் ஒய் = 0-வும் அதே கதைதான்.

அப்புறம் செங்குத்துக் கோடு. (3, 1), (3, 5) இரண்டையும் கொடுத்துச் சாய்வு கேள். ஒய் வித்தியாசம் 4-ஐ எக்ஸ் வித்தியாசம் 0-ஆல் வகுக்க வேண்டிவரும், வகுக்க முடியாது. அங்கே பலர் ‘சாய்வு 0’ என்று எழுதிவிடுவார்கள். சாய்வு 0 என்றால் படுத்திருக்கும் கோடு. நிமிர்ந்து நிற்கும் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. அதனால்தான் எக்ஸ் = 3 என்பதை ஒய் = எம்எக்ஸ் + சி என்ற வடிவத்துக்குள் அடைக்க முடியாது. அதில் எம் என்பது சாய்வுதானே. ஏஎக்ஸ் + பிஒய் = சி என்று எழுதினால் எல்லாக் கோடும் அடங்கும். எனக்கு என்றைக்கும் பிடித்த வடிவம் அது.

2எக்ஸ் + 3ஒய் = 12 கொடுத்துப் பார். ஒய்-க்கு 0 போட்டால் எக்ஸ் 6, எக்ஸ்-க்கு 0 போட்டால் ஒய் 4. (6, 0), (0, 4) இரண்டையும் இணைத்தால் கோடு தயார். எக்ஸ் அச்சில் வெட்டும் இடத்தைத் தேட ஒய்-க்கு ஏன் 0 போடுகிறோம் என்பதும் இப்போது அவர்களுக்குத் தானே விளங்கும்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட் 1637-இல் எழுதிய வடிவியல் நூலிலேயே, நாம் இன்று வரைகிற மாதிரி இரண்டு அச்சுகளைப் பார்க்க முடியாது. பின்னால் வந்தவர்கள் மெல்ல மெல்லச் சீராக்கியது இது. உன் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடு.

கடைசியில் இதைக் கேள்: (3, 4) வழியாக எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போகும் கோடு எது? ஒய் = 4 என்று எழுதி, காரணமும் சொன்னால் அடுத்த பாடத்துக்குப் போ. இல்லையென்றால் எனக்குப் போன் போடு, பேசுவோம்.

அன்புடன்,
அப்பா