டீ கலவை கிட்: கலந்தவர் கை மீது பழி போடாதீர்கள்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், மாட்டுங்கா கிழக்கு, மும்பை

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: வீட்டிலேயே டீ கலக்கும் கிட் (ரூ. 1,849) – பணத்தைத் திருப்பித் தருவதும் கையேட்டைத் திருத்துவதும் தொடர்பாக

ஐயா / அம்மா,

சுவை சரியில்லை, கலவையில் பூஞ்சை பிடித்தது என்ற என் முதல் புகாருக்கு உங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய பதில் மூன்றே வரி. "சரியாகக் கலக்காவிட்டால் சுவை மாறும். மழைக்காலத்தில் ஈரம் இயல்பு. திறந்த உணவுப் பொருளைத் திரும்பப் பெற இயலாது." கலந்ததில் பிழை இல்லை. உங்கள் கையேட்டில் உள்ளபடியே கலந்ததுதான் பிழை. கையேடு தமிழிலும் வருவதால் தமிழிலேயே விளக்குகிறேன்.

முதலில் அந்த ஸ்பூன். எல்லாச் செய்முறையும் "ஒரு ஸ்பூன் அஸ்ஸாம், ஒரு ஸ்பூன் நீலகிரி" என்றே போகிறது. கிட்டில் வந்த அதே ஸ்பூனால் தலைதட்டி அளந்து தராசில் வைத்தால், அஸ்ஸாம் சிடிசி (நசுக்கிச் சுருட்டிய குருணைத் தேயிலை) 2.8 கிராம், நீலகிரி முழு இலை 1.2 கிராம், ரோஜா இதழ் 0.3 கிராம். அதாவது "சரிபாதி" என்று நீங்கள் பெயர் வைத்த கலவையில் பத்துக்கு ஏழு பங்கு அஸ்ஸாம். நீலகிரியின் மணம் எங்கே போயிற்று என்று வாங்கியவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். டீ கலப்பவர்கள் எடையைத்தான் நம்புவார்கள், கரண்டியை அல்ல. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றை அந்த மூங்கில் ஸ்பூனுக்குப் பதிலாக வைத்திருக்கலாம்.

அதோடு, குருணையையும் முழு இலையையும் ஒரே ஜாடியில் போடச் சொல்வதே தவறு. சிடிசி கொதிநீரில் இரண்டு நிமிடத்தில் நிறம் இறக்கிவிடும். முழு இலை சுருள் பிரியவே நான்கு நிமிடம் ஆகும். இலைக்குக் காத்திருந்தால் குருணை கடுத்துப்போகும். குருணை போதும் என்று வடிகட்டினால் இலைக்குக் கொடுத்த காசு வடிகட்டியில் நிற்கும். நான்காம் செய்முறையில் டார்ஜிலிங் இலையைப் பாலில் ஆறு நிமிடம் கொதிக்கவிடச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதியவர் அதை ஒரு தடவையாவது குடித்துப் பார்த்தாரா? அந்த இலைக்குக் கொதி அடங்கிய தண்ணீரும் மூன்று நிமிடமும் போதும். பாலே வேண்டாம். (அந்தப் பாக்கெட்டில் தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரையும் இல்லை, எந்தப் பருவத்துப் பறிப்பு என்ற விவரமும் இல்லை.)

பால் டீக்கு 100 கிராம் கலவை என்றால் இப்படி எழுதியிருக்க வேண்டும்: அஸ்ஸாம் சிடிசி 65, நீலகிரி சிடிசி 25, ஏலக்காய் 4, சுக்கு 4, பட்டை 1.5, கிராம்பு 0.5. கிராம்பு அதிகமானால் மற்ற வாசனைகளை அமுக்கிவிடும். உங்கள் கையேட்டில் கிராம்பு "அரை ஸ்பூன்".

கிராம்பு பற்றிப் பேசும்போது பேக்கிங்கையும் சொல்லியாக வேண்டும். தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது டீ விற்பவர்களுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அப்படியிருக்க, பத்துப் பொருளையும் மெல்லிய பிளாஸ்டிக் ஜிப் பைகளில் போட்டு ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்திருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்ததுமே கிராம்பு வாசனைதான். நீலகிரி பாக்கெட்டைப் பிரித்தவுடன், வேறு எதுவும் சேர்க்காமல் 2 கிராம் இலைக்கு 100 மில்லி கொதிநீர் விட்டு ஆறு நிமிடம் மூடி வைத்துப் பார்த்தேன். சூடாக இருக்கும்போது சந்தேகம்தான். ஆறியபின் சந்தேகமே இல்லை, கிராம்பு. கலக்கத் தொடங்கும் முன்பே நீங்கள் கலந்து அனுப்பிவிட்டீர்கள். டீக்கு அலுமினியத் தாள் பை, மசாலாவுக்குத் தனி டப்பா. இவ்வளவுதான் தேவை.

அடுத்தது பூஞ்சை. இதற்குத்தான் நீங்கள் மும்பை மழையைக் கைகாட்டினீர்கள். உங்கள் "உலர் இஞ்சி"த் துண்டு ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். சுக்கு என்றால் படக்கென்று ஒடிய வேண்டும். இது தோல் வார் மாதிரி வளைகிறது. 10 கிராம் எடுத்து வெறும் கடாயில் இளஞ்சூட்டில், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்ததில் 8.2 கிராம்தான் மிஞ்சியது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். இதை நன்றாகக் காய்ந்த டீத்தூளோடு ஜாடியில் போட்டு மூடினால் துண்டிலிருக்கும் ஈரம் தூளுக்குப் போகும், தூள் நமுத்துக் கட்டியாகும். மூன்று மாதம் வைக்கலாம் என்று கையேடு சொல்கிறது. பதினோராம் நாள் ஜாடியின் அடியில் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருந்தது. இறுக்கி மூடிய ஜாடிக்குள் மழை பெய்யாது. அதே நாளில் கடைச் சுக்கை இடித்துப் போட்டுக் கலந்து வைத்த இன்னொரு ஜாடி, அதே அலமாரியில், இன்றும் உதிரி உதிரியாக இருக்கிறது.

ஏலக்காயை மிக்ஸியில் பொடியாக்கச் சொல்கிறீர்கள். பொடி அடியில் இறங்கும், ரோஜா இதழ் மேலே மிதக்கும். முதல் வாரம் வெறும் டீ, கடைசி வாரம் வெறும் காரம். ஏலக்காயைக் குருணை அளவுக்கு ஒன்றிரண்டாக இடித்து, மாவாக விழுந்ததைச் சலித்து எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே அளவில் நின்று கலவை பிரியாது. பொடியாக்கினால் வாசனையும் சில நாளில் பறந்துவிடும்.

ஏழாம் செய்முறையான செம்பருத்திப் பால் டீ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரியும். டீயில் போடும் அந்தச் செம்பருத்தி நம் வாசலில் பூப்பது அல்ல, புளிச்சகீரை இனம். அத்தனை புளிப்பில் பால் திரியாமல் என்ன செய்யும்? அந்தப் பக்கத்தையே எடுத்துவிடுங்கள்.

எடையும் குறைகிறது. 250 கிராம் என்று அச்சிட்ட அஸ்ஸாம் பாக்கெட்டில், பையைக் கழித்தால் 238 கிராம். இந்த அளவுப் பொட்டலத்துக்கு விதி பொறுத்துக்கொள்ளும் குறைவு 9 கிராம். உள்பாக்கெட் எதிலும் பொதி செய்த தேதி இல்லை. பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) எசென்ஸ் பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லை. அதைத் திறக்கவே இல்லை.

முழுத்தொகை ரூ. 1,849 திரும்ப வேண்டும். இந்தக் கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் இஞ்சியைப் பயன்படுத்த வேண்டாம் என்று உடனே தகவல் அனுப்ப வேண்டும். பூஞ்சையை மேலாக எடுத்துவிட்டு மீதியைக் குடிப்பவர்களும் இருப்பார்கள். கையேட்டை எடைக்கணக்கில் திருத்த வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதி செய்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் குறைதீர் அலுவலரின் பொறுப்பு. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ரசீது, தராசுப் படங்கள், ஜாடியின் படம் இணைத்திருக்கிறேன். மீதிப் பொருள்கள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றன, ஆள் அனுப்பினால் எடுத்துச் செல்லலாம். அந்த ஜாடியை மட்டும் வழியில் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாட்டுங்கா வாடிக்கையாளர்