எங்கள் எஞ்சின் எங்கே போனது? ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டி, ஒரு பழைய ரயில் எஞ்சினைப் பற்றிக் கேட்டு நான் அனுப்பிய மூன்றாவது மனுவுக்கும் போன வாரம் பதில் வந்துவிட்டது. முப்பது நாள் கெடுவைத் தாண்டவில்லை, அதற்கு நன்றி. "பதிவேட்டின் பராமரிப்புக் காலம் முடிந்ததால் அது அழிக்கப்பட்டது." ஒரே வரி. முதல் மனு எஞ்சின்களை நிறுத்திவைக்கும் ஷெட்டுக்குப் போனது, ஷெட்டிலிருந்து பணிமனைக்குப் போனது, பணிமனையிலிருந்து உங்களிடமே திரும்பிய கதை உங்களுக்குத் தெரியும்.

நான் கேட்டது ராணுவ ரகசியம் அல்ல. மீட்டர் கேஜ் என்னும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இருந்த காலத்தில் பாம்பன் பாலத்தைக் கடந்த ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் ஒன்று எந்தெந்த ஆண்டு எந்த ஷெட்டின் பெயரில் இருந்தது, எப்போது கைமாறியது, கடைசியில் யாரிடம் போனது என்று மட்டுமே கேட்டேன்.

என் அப்பா அதில் உதவி ஓட்டுநர். 1,350 குதிரைத்திறன், 72 டன், ஆறு அச்சு என்று இன்றும் ஒப்பிப்பார். காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பாலத்துக்குச் சிக்னல் விழாது. அப்படி ஓர் ஐப்பசி இரவில் சரக்கு வண்டியோடு மண்டபத்தில் நின்றவர், கைப்பிடிக் கம்பிகளில் படிந்த உப்பை விடிய விடியத் துடைத்துக்கொண்டிருந்தாராம். இப்போது 81 வயது. பார்வை மங்கிவிட்டது. பழைய நோட்டில் தான் எழுதிய நான்கு இலக்க எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறார். தபால்காரர் மணியடித்தால், "ஷெட்டிலிருந்தா?" என்கிறார்.

எங்கள் கரையில் ஒரு விசைப்படகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யார் கட்டியது, யார் யாருக்கு விற்றார்கள், எந்த வருஷம் இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது, எல்லாவற்றையும் வலை பின்னும் கிழவர் தலை நிமிராமலே சொல்லிவிடுவார். அவரிடம் கோப்பும் இல்லை, பராமரிப்புக் காலமும் இல்லை.

நீங்களோ, பழைய இரும்பாக ஏலம் விடும்போது எடையை மட்டும் பிசகாமல் எழுதுகிறீர்கள். 1914-இல் திறந்த பாலத்துக்கும் 2025-இல் திறந்த பாலத்துக்கும் தூண் எத்தனை, நீளம் எத்தனை என்று கணக்கு இருக்கிறது. அதன்மேல் ஓடியவற்றுக்கு இல்லை. இந்த வகை எஞ்சின்களில் சில மலேசியாவுக்குக் குத்தகைக்குப் போயின. எங்கள் ஊரிலிருந்து மலேயாவுக்குப் போனவர்கள் காசு அனுப்பாவிட்டாலும் கடிதமாவது போட்டார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் எஞ்சின் ஷெட் மாறினால் கொடுத்த இடத்தில் ஒரு வரி, வாங்கிய இடத்தில் ஒரு வரி இருந்திருக்கும் அல்லவா? ஒன்று அழிந்தாலும் மற்றொன்று மிஞ்சியிருக்கலாம். மிஞ்சிய பதிவேடுகளைத் தேடி, எஞ்சின் எண், ஷெட், மாறிய தேதி, கழித்த தேதி, வாங்கியவர் என ஒரு பட்டியலாக வெளியிடுங்கள். தயவுசெய்து, அடுத்த பதிவேட்டுக் கட்டு அழிக்கப்படுவதற்கு முன்னால்.

பதில் அனுப்பினால் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்புங்கள். தானே படிக்க வேண்டும் என்கிறார் அப்பா.

இப்படிக்கு,
ஓர் உதவி ஓட்டுநரின் மகன்,
மண்டபம்